எழுதியது இருக்கிறது, தேடினால் வருவதில்லை: கைபேசிக் கேள்வி – பதில்

அன்றாட வேலைகளைக் குறித்து வைக்கும் கைபேசிச் செயலிகளைப் பற்றிக் கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே குறையைப் பேசுகின்றன. குறித்து வைத்த வேலை செயலிக்குள்தான் இருக்கிறது, ஆனால் தேடல் பெட்டியில் தட்டினால் அது அகப்படுவதில்லை. அவற்றுள் சிலவற்றுக்கு இந்த இதழில் விடை எழுதுகிறேன். கடிதங்களில் இருந்த செயலிகளின் பெயர்களை நீக்கிவிட்டோம். இக்குறைகள் ஓரிரு நிறுவனங்களுக்கு மட்டும் உரியவை அல்ல என்பதே காரணம்.

கேள்வி: நானும் என் தம்பியும் இன்வெர்ட்டர், தண்ணீர் மோட்டார் ஆகியவற்றைப் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறோம். எந்த வீட்டுக்கு எப்போது போக வேண்டும் என்பதைச் செயலி ஒன்றில் தமிழிலேயே எழுதி, இருவர் கைபேசியிலும் பார்த்துக்கொள்கிறோம். ‘புதுச்சேரி’ என்று தேடினால் அங்குள்ள வேலைகள் அனைத்தும் வருகின்றன. ‘கடலூர்’ என்று தேடினால் பாதிதான் வருகிறது. ‘மஞ்சக்குப்பம்’ என்று தேடினால் ஒன்றுகூட வருவதில்லை. செயலிக்குப் புதுச்சேரியின் மீது மட்டும் அப்படி என்ன தனிப் பாசம்?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: பாசம் ஊரின் மீது அல்ல, அந்த ஊர்ப் பெயரின் கடைசி எழுத்தின் மீது. தாங்கள் அனுப்பியிருந்த படத்தில் ‘மஞ்சக்குப்பத்தில் டீச்சர் வீடு, பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர்’ என்று ஒரு வேலை இருக்கிறது. தேடல் பெட்டியில் ‘மஞ்சக்குப்பம்’ என்று தட்டியிருக்கிறீர்கள். மனிதர் எவரும் இரண்டும் ஒன்றே என்று உடனே அறிவார். செயலியோ எழுத்துகளை வரிசையாக ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை. ‘மஞ்சக்குப்ப’ என்பது வரை பொருந்திவந்து, அடுத்து ‘ம்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘த்தில்’ என்று தொடங்குவதைக் கண்டதும், இது வேறு சொல் என்று தள்ளிவிடுகிறது.

கடலூர் பாதி வருவதற்கும் இதுவே காரணம். ‘கடலூர் முதுநகர் ஐஸ் கம்பெனி’ என்று எழுதிய இடத்தில் பெயர் மாறாமல் இருக்கிறது, ஆகவே வருகிறது. ‘கடலூரில்’, ‘கடலூருக்கு’ என்று எழுதிய இடங்களில் ‘ர்’ என்பதன் புள்ளி போய், அவ்விடத்தில் உயிர்க்குறி ஒன்று வந்து அமர்ந்துவிடுகிறது. கணினி எழுத்துமுறையில் ‘ர்’ என்பது ஓர் எழுத்தாக அல்லாமல் ‘ர’ என்ற குறியீடும் புள்ளி என்ற குறியீடும் அடுத்தடுத்து நிற்பதாகவே பதிவாகிறது என்பதால், புள்ளி போனவுடன் தாங்கள் தேடிய எழுத்து வரிசை அங்கே இல்லாமலாகிவிடுகிறது. புதுச்சேரிக்கு இந்தத் தொல்லை இல்லை. ‘புதுச்சேரியில்’, ‘புதுச்சேரிக்கு’ என்று எப்படி எழுதினாலும் ‘புதுச்சேரி’ என்னும் பெயர் சிதையாமல் உள்ளே இருக்கிறது. பண்ருட்டி, நெய்வேலி, லாஸ்பேட்டை ஆகியவையும் இப்படியே தப்பித்துக்கொள்ளும். வில்லியனூர், பாகூர், நெல்லிக்குப்பம், அரியாங்குப்பம், விழுப்புரம் ஆகியவை மாட்டிக்கொள்ளும்.

எனவே புள்ளியெழுத்தில் முடியும் சொல்லைத் தேடும்போது அந்தக் கடைசி எழுத்தை விட்டுவிடுங்கள். ‘கடலூ’, ‘மஞ்சக்குப்ப’, ‘வில்லியனூ’ என்று தட்டினால் போதும். முழுப் பெயரைத் தட்டிவிட்டு அழிக்கும் விசையை அழுத்தினாலும் சரி. பெரும்பாலான விசைப்பலகைகளில் முதல் அழுத்தலுக்குப் புள்ளி மட்டும் போகும், அடுத்த அழுத்தலுக்கு ‘ர’ போகும். புள்ளியை மட்டும் நீக்கி ‘கடலூர’ என்று தேடினாலே பல செயலிகளில் வேலை நடந்துவிடும். ஆயினும் சில செயலிகள் உயிர்மெய்யை ஒரே எழுத்தாகக் கொண்டு ஒப்பிடுவதால், கடைசி எழுத்தை முழுவதுமாக விடுவதே எங்கும் செல்லும் வழி. ‘சேத்தியாத்தோப்பு’ போல உகரத்தில் முடியும் பெயர்களுக்கும் இதுவே பொருந்தும். ‘வீடு’ போன்ற சிறு சொற்களுக்கு மட்டும் இந்த வழி உதவாது. ‘வீ’ என்று தேடினால் வீதியும் வீராம்பட்டினமும் சேர்ந்தே வந்து குவியும்.

ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு ஊர்ப் பெயர் எந்த வேற்றுமையிலும் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் எழுதி ஆங்கிலத்திலேயே சோதித்து வெளியிடுகிறவர்களின் கண்ணில் இக்குறை படாமலே போவதில் வியப்பில்லை. நம் மொழிக்கு வேண்டியது, விகுதியை நீக்கி அடிச்சொல்லை அறியும் தேடல். கைபேசிப் பணிப்பட்டியல் ஒன்றில் அவ்வசதி தமிழுக்குச் செவ்வனே இருப்பதை நான் இதுவரை பார்த்ததில்லை.

தங்கள் படத்தில் இன்னொன்றும் தெரிகிறது. தாங்கள் ‘புதுச்சேரி’ என்று எழுதுகிறீர்கள், தம்பி ‘பாண்டி’ என்று எழுதுகிறார். தாங்கள் ‘திருப்பாதிரிப்புலியூர்’ என்பதை அவர் ‘திருப்பாப்புலியூர்’ என்கிறார். குரல்வழித் தட்டச்சு செய்த இடங்களில் ‘பேட்டரி’ ஒரு முறை ‘பாட்டரி’ ஆகியிருக்கிறது, இன்னொரு முறை ஆங்கில எழுத்திலேயே விழுந்திருக்கிறது. இதற்குத் தேடல் எவ்வளவு தேறினாலும் தீர்வில்லை. இருவரும் கலந்து பேசி ஒவ்வோர் ஊருக்கும் ஒரு சிறு குறி வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சக்குப்பத்துக்கு ‘மகு’, திருப்பாதிரிப்புலியூருக்குத் ‘திபு’, புதுச்சேரிக்குப் ‘புவை’ என்று வைத்து, வேலையின் கடைசியில் அதை மாறாமல் எழுதுங்கள். செயலியில் குறிச்சொல் (டேக்) வசதி இருந்தால் அதிலேயே போடலாம். இல்லாவிட்டால் முன்னால் ஒரு சதுரக் குறி (#) இட்டுத் தலைப்பிலேயே எழுதலாம். குறிகளின் பட்டியலைக் கடைச் சுவரில் ஒட்டிவைப்பது தம்பிக்கு உதவும்.

கேள்வி: பொருள் விற்ற சீட்டுகளின் பி.டி.எஃப். கோப்பிலிருந்து ‘மோட்டார்’, ‘கொக்கி’ என்ற சொற்களை நகலெடுத்துச் செயலியில் ஒட்டினேன். கண்ணுக்குச் சரியாகத் தெரிகின்றன, தேடினால் வருவதில்லை. கையால் தட்டிய ‘மோட்டார்’ மட்டும் வருகிறது.
– வாசகி, முதலியார்பேட்டை

பதில்: ‘மோ’ என்பதை ஒருங்குறியில் (யூனிகோடில்) இரண்டு விதமாக எழுத முடியும். மகரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒன்று. இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக அடுத்தடுத்து வைப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் அச்சாக ஒன்றுபோலவே தெரியும். ஒகர, ஓகார, ஔகாரக் குறி வரும் எழுத்துகள் எல்லாவற்றிலும் இந்தச் சிக்கல் உண்டு. இவ்விரு வடிவங்களையும் சமமாகக் கொள்ள வேண்டும் என்று ஒருங்குறித் தரம் தெளிவாகவே சொல்கிறது. ஒப்பிடுவதற்கு முன்னால் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது நிரலாளரின் கடமை. அதைச் செய்யாத செயலிகளில்தான் ஒட்டிய சொல் ஒளிந்துகொள்கிறது. தலைப்பில் உள்ள அந்தச் சொல்லை அழித்துவிட்டுக் கையால் மீண்டும் தட்டுங்கள், போதும்.

வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பாக இருந்தால் கதை வேறு. அது கைபேசியில் ஒட்டியவுடனேயே ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். எழுத்துரு மாற்றியில் போட்டு ஒருங்குறிக்கு மாற்றாமல் அதைத் தேட வழியே இல்லை.

கேள்வி: மளிகைக் கடை நடத்துகிறேன். கொள்முதல் வேலைகளில் ‘கடலை’ என்று தேடினால் ‘கடலூர் லோடு இறக்க வேண்டும்’ என்பதும் ‘கடல் பாசி வாங்க வேண்டும்’ என்பதும் வந்து நிற்கின்றன. என் கைபேசியில் கோளாறா?
– வாசகர், வில்லியனூர்

பதில்: கைபேசியில் கோளாறு இல்லை. இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது உண்மைதான், ஆனால் காரணம் சுவையானது.

ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலுமே செயலிகள் தகவலைச் சேமிக்கப் பெரும்பாலும் எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளத்தைப் பயன்படுத்துகின்றன. அதில் முழுவுரைத் தேடலுக்கென எஃப்.டி.எஸ்.5 என்றொரு பகுதி இருக்கிறது. தேடல் விரைவாக நடக்க வேண்டும் என்பதற்காக அது வாக்கியங்களை முன்கூட்டியே சொற்களாக வெட்டி அகரவரிசைச் சுட்டி (இன்டெக்ஸ்) ஒன்றைத் தயாரித்துக்கொள்கிறது. எங்கே வெட்டுவது என்பதற்கு அதன் இயல்பான விதி எளியது: எழுத்தும் எண்ணும் சொல்லின் பகுதி, மற்றவை இடைவெளி. ஆங்கிலத்துக்கு இது போதும். ஒருங்குறியோ தமிழின் அகரமேறிய மெய்களையும் உயிர்களையும் ஆய்தத்தையும் மட்டுமே ‘எழுத்து’ என்று வகைப்படுத்தியிருக்கிறது. கால், கொம்பு, கொக்கி, புள்ளி ஆகியவை ‘சார்ந்துவரும் குறி’ என்ற வேறு வகையில் இருக்கின்றன. விளைவு, இயல்பான விதியை மாற்றாமல் விட்ட செயலியில் ஒவ்வோர் உயிர்க்குறியும் ஒவ்வொரு புள்ளியும் இடைவெளியாகக் கருதப்பட்டு, தமிழ்ச் சொல் அங்கங்கே வெட்டுப்படுகிறது.

தங்கள் ‘கடலை’யில் ஐகாரக் குறியை வெட்டினால் எஞ்சுவது ‘கடல’. ‘கடலூர்’ என்பதில் ஊகாரக் குறியில் ஒரு வெட்டும் புள்ளியில் ஒரு வெட்டும் விழுந்து ‘கடல’, ‘ர’ என்று இரண்டு துண்டுகள் ஆகின்றன. ‘கடல்’ என்பதும் ‘கடல’ ஆகிவிடுகிறது. மூன்றும் சுட்டியில் ஒரே பெயரில் பதிவாகிவிட்ட பிறகு தேடல் மூன்றையும் கொண்டுவந்து கொட்டாமல் என்ன செய்யும்? தங்கள் செயலியில் நடப்பது இதுதானா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. ‘பால்’ என்று ஒரு வேலையும் ‘புலி’ என்று ஒரு வேலையும் எழுதிவிட்டு, ‘பால்’ என்று தேடுங்கள். புலியும் சேர்ந்து வந்தால் ஐயமே வேண்டாம்.

இதைத் தாங்கள் சரிசெய்ய முடியாது, செயலியை உருவாக்கியவர்தான் செய்ய வேண்டும். அவருக்கு எழுதும்போது, ‘சொல் வெட்டும் அமைப்பில் எம்.என்., எம்.சி. என்னும் இரண்டு ஒருங்குறி வகைகளையும் சொல்லின் பகுதியாகச் சேர்த்துவிட்டுச் சுட்டியை மறுபடியும் உருவாக்குங்கள்’ என்று குறிப்பிடுங்கள். நிரலில் அது ஒரு வரி மாற்றம். வெறுமனே ‘தமிழில் தேடல் சரியில்லை’ என்று எழுதும் கடிதத்தைவிட, புலி வந்த படத்தோடு எழுதும் கடிதத்துக்கு மதிப்பு அதிகம். அதுவரை ‘வேர்க்கடலை’ என்று முழுதாக எழுதி முழுதாகத் தேடுங்கள். துண்டுகள் கூடுதலாக இருப்பதால் தவறான பொருத்தம் குறையும். நம் பக்கத்து வழக்கப்படி ‘மணிலா’ என்று எழுதினாலும் கடலூர் வராது. ‘மண் லாரி’ என்று எங்காவது எழுதி வைத்திருந்தால் அது வரும், மளிகைக் கடையில் அந்த ஆபத்து குறைவு.

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். மேல்நிலைத் தொட்டியைக் கழுவுவது, லிஃப்ட் பராமரிப்பு ஆகியவற்றை மாதந்தோறும் தாமே திரும்ப வரும் வேலைகளாகப் போட்டு வைத்திருக்கிறேன். தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினோம் என்று கூட்டத்தில் கேட்டார்கள். தேடினால் அடுத்த மாதத் தேதி மட்டும் வருகிறது. முடித்தவை எங்கே போயின?
– வாசகி, ரெட்டியார்பாளையம்

பதில்: முடித்த வேலைகளைத் தேடல் முடிவில் காட்டாமல் மறைப்பது பல செயலிகளின் இயல்பு. முதலில் அமைப்புகளிலோ தேடல் பக்கத்தின் மூலையிலோ ‘முடித்தவற்றையும் காட்டு’ என்ற தெரிவு இருக்கிறதா என்று பாருங்கள். டூடுயிஸ்ட் என்ற பணிப்பட்டியல் செயலியில் உள்ள வடிகட்டிகள் மிகவும் புகழ்பெற்றவை, அவையும் நிலுவையில் உள்ள வேலைகளை மட்டுமே வடிகட்டுகின்றன.

திரும்ப வரும் வேலைக்கு வேறொரு சங்கடமும் உண்டு. பல செயலிகளில் அது மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு வேலைகள் அல்ல, ஒரே வேலைதான். தாங்கள் டிக் போட்டவுடன் அதன் தேதி அடுத்த மாதத்துக்கு நகர்கிறது. பழைய தேதி தனிப் பதிவாக நிற்காத இடத்தில் தேடல் எதைக் காட்டும்? சில செயலிகள் அதை நடவடிக்கைப் பதிவு என்ற தனிப் பக்கத்தில் வைத்திருக்கும். அந்தப் பக்கத்துக்கும் தேடல் பெட்டிக்கும் பெரும்பாலும் தொடர்பு இராது.

இந்தச் செயலிகள் நடக்க வேண்டியதை நினைவூட்டப் பிறந்தவை. நடந்து முடிந்ததற்கு அவற்றைச் சான்றாக நம்புவது எனக்கு உடன்பாடில்லை. டிக் போடும் முன் அந்த வேலையின் குறிப்புப் பகுதியில் தேதி, வந்தவர், கொடுத்த தொகை ஆகியவற்றை ஒரு வரியாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். வேலையின் தேதி நகரும்போது குறிப்பு அழியாமல் உடன் வரும் செயலியாக இருந்தால் அதுவே வரலாறாகிவிடும். சங்கத்தின் பணம் சம்பந்தப்பட்டது என்பதால் பதிவேட்டிலும் எழுதுங்கள். பதிவேட்டில் கையெழுத்து வாங்கலாம், செயலியில் வாங்க முடியாது.

கேள்வி: விசைப்படகு வைத்திருக்கிறேன். மீன்பிடித் தடைக்காலத்தில் செய்ய வேண்டிய வேலைகளைத் தேதியோடு பதிந்திருக்கிறேன். ‘ஏப்ரல்’ என்று தேடினால் ஒன்றும் வருவதில்லையே?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: வேலையின் தேதி, தலைப்போடு சேர்த்து எழுத்தாகச் சேமிக்கப்படுவதில்லை. அது தனிக் கட்டத்தில் எண்ணாக இருக்கிறது. ‘ஏப்ரல்’ என்பது திரையில் காட்டுவதற்காக அந்த நேரத்தில் உருவாக்கப்படும் சொல் மட்டுமே. தேடல் பெட்டி தலைப்பையும், சில செயலிகளில் குறிப்பையும் மட்டும் படிக்கிறது. நாள்காட்டித் தோற்றம் இருந்தால் அதைத் திறந்து ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள்களையும் நேரடியாகப் பாருங்கள். அந்தத் தோற்றம் இல்லையென்றால் வர்ணம் பூசுவது, என்ஜின் வேலை, வலை சீரமைப்பு ஆகிய ஒவ்வொன்றின் தலைப்பிலும் ‘தடைக்காலம்’ என்று சேர்த்து எழுதிவிட்டு, மேலே முதல் பதிலில் சொன்னபடி ‘தடைக்கால’ என்று தேடுங்கள்.

கேள்வி: 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் எங்கள் பக்கம் கரையைக் கடந்தபோது இணையம் போய்விட்டது. ஜெனரேட்டர்காரரின் எண்ணை ஒரு பழைய வேலையில் குறித்திருந்தேன். எவ்வளவு தேடியும் வரவில்லை. இணையம் வந்த பிறகு அதே தேடலில் வந்துவிட்டது. கைபேசியில்தானே எழுதினேன், இணையம் எதற்கு?
– வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: எழுதியது கைபேசியில் என்றாலும் அது குடியிருப்பது நிறுவனத்தின் வழங்கியில் (சர்வரில்). இடத்தையும் மின்கலத்தையும் மிச்சப்படுத்துவதற்காகச் சில செயலிகள் அண்மைக்கால வேலைகளை மட்டும் கைபேசியில் வைத்துக்கொண்டு, பழையவற்றையும் முடித்தவற்றையும் வழங்கியில் விட்டுவிடுகின்றன. தேடலும் அங்கேதான் நடக்கிறது. கணினியில் திறக்கும்போது வகைவகையான வடிகட்டிகள் தென்படுவதும் கைபேசியில் ஒற்றைப் பெட்டி மட்டும் இருப்பதும் ஓரளவு இதனால்தான், மீதிக்குச் சிறிய திரை காரணம். இதற்கு நேர்மாறான வகையும் இருக்கிறது. முழுவதும் மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யும் செயலிகளில் வழங்கியால் எதையும் படிக்க முடியாது என்பதால் தேடல் கைபேசியிலேயே நடந்தாக வேண்டும். புயல் இரவுக்கு அவையே மேல்.

தங்கள் செயலி எந்த வகை என்பதை அறிய, விமானப் பயன்முறையை இயக்கிவிட்டு ஒரு பழைய வேலையைத் தேடிப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்னரே இதைச் செய்துவிடுவது நல்லது. அவசர எண்களை வேலையின் குறிப்பில் புதைக்காமல் கைபேசியின் தொடர்புப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். அதற்கு இணையம் தேவையில்லை.

கேள்வி: இவ்வளவு தொல்லைக்கு வேறு செயலிக்கு மாறிவிடலாமா? எது நல்லது?
– வாசகி, மஞ்சக்குப்பம்

பதில்: ஒரே செயலியை எல்லோருக்கும் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு, 2021இல் வெளியான ஐ.ஓ.எஸ். 15 முதல் ஆப்பிளின் ரிமைண்டர்ஸ் செயலியிலேயே குறிச்சொல்லும், குறிச்சொல்லைக் கொண்டு தாமே உருவாகும் பட்டியல்களும் இருக்கின்றன. பலர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. ஆண்ட்ராய்டில் தெரிவுகள் ஏராளம்.

மாறுவதானால், எல்லா வேலைகளையும் ஏற்றுவதற்கு முன் புதிய செயலியில் நாலைந்து வேலைகளை மட்டும் எழுதிச் சோதியுங்கள். ஒரு வேலையின் தலைப்பில் ‘கடலூருக்கு’ என்று எழுதி ‘கடலூ’ என்று தேடுங்கள். இன்னொன்றின் குறிப்பில் ஒரு தொலைபேசி எண்ணை எழுதி, அதன் நடு நான்கு இலக்கங்களைத் தேடுங்கள். சொல்லின் தொடக்கத்தை மட்டும் பார்க்கும் செயலிகள் இதில் தோற்றுவிடும். ஒன்றுக்கு டிக் போட்டுவிட்டுத் தேடுங்கள், பிறகு இணையத்தை அணைத்துவிட்டும் தேடுங்கள். பாலையும் புலியையும் மறவாதீர்கள்.

இவற்றில் எல்லாம் தேறினாலும், எழுதியவற்றை மொத்தமாகக் கோப்பாக வெளியே எடுக்கும் வசதி இல்லாத செயலியை நான் தொடமாட்டேன். பெரிதும் விரும்பப்பட்ட வுண்டர்லிஸ்ட் செயலியை மைக்ரோசாஃப்ட் 2015இல் வாங்கி, 2020 மே 6 அன்று மூடியது. பயனர்கள் தங்கள் பட்டியல்களை மைக்ரோசாஃப்ட் டூ டூவுக்கு மாற்றிக்கொள்ள வழி இருந்தது. எல்லா நிறுவனமும் அப்படி வழி வைக்கும் என்று எதிர்பார்க்க இயலாது. கூகுள் டாஸ்க்ஸ் பயன்படுத்துவோர் கூகுள் டேக்அவுட் என்ற தரவிறக்கச் சேவை வழியாகத் தங்கள் வேலைகளைக் கோப்பாக எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்த கோப்பைக் கணினியில் ஓர் எளிய உரைத்திருத்தியில் திறந்துவிட்டால், முடித்தது, முடிக்காதது, தலைப்பு, குறிப்பு என்ற பாகுபாடு இல்லாமல் எல்லாவற்றிலும் ஒருசேரத் தேடலாம். ‘கடலூ’ என்று தட்ட வேண்டியது அங்கேயும் உண்டு.

தங்களிடம் இப்போது இருக்கும் செயலி இந்தச் சோதனைகளில் பாதிக்கு மேல் தேறிவிட்டால் மாற வேண்டாம் என்பேன். பழைய வேலைகளுக்கெல்லாம் குறி போடுவதற்கு ஆகும் நேரம், புதிய செயலிக்கு அவற்றை மாற்றிச் சரிபார்க்க ஆகும் நேரத்தைவிடக் குறைவு.